பின்னல் தெரியுமளவு வெளிச்சம்

ஆர்டிஸ் நைகார்ட் வான்கோழிப் பண்ணையில் பிறந்தாள், இருபத்திரண்டு வயதில் வெர்லினைக் கட்டிக்கொண்டாள், இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தாள். இரண்டு மகன்கள். இருவரும் குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்கு ஓடிப்போய், அங்கிருந்து ஞாயிறுதோறும் ஃபோன் செய்து, "அங்க எவ்ளோ குளிரும்மா?" என்று கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொள்வார்கள். மற்ற நேரங்களில் ஆர்டிஸ் கையுறை பின்னினாள். தேவாலயத்து நன்கொடைப் பெட்டிக்கு அவள் இதுவரை பின்னிக் கொடுத்ததைக் கணக்கிட்டால், ஒரு சிறிய நாட்டுக்குக் குளிரே தெரியாமல் செய்திருக்கலாம்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. உறைந்த ஸ்டோனி ஏரியின் மேல் கணவன் போடும் மீன்பிடிக் கூடாரத்துக்குள் ஒருநாள் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரிய ஆசையில்லை. ஏரி வீட்டிலிருந்து மூன்று மைல். கூடாரம் மடித்தால் ஒரு கோணிப்பையளவுதான் இருக்கும். ஆனாலும் முப்பத்தொரு குளிர்காலமாக நடக்கவில்லை.

காரணம் மிகவும் எளிமையானது. வெர்லின் அவளை மூன்றாவது முறை கேட்டதில்லை.

வடக்கு மினசோட்டாவில் முதல் தடவை கேட்டதுமே "சரி" என்பவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், அல்லது பட்டினி கிடந்தவராக இருக்க வேண்டும். முதல் தடவை, "ஐயோ, வேண்டாம்." இரண்டாவது தடவை, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்." மூன்றாவது தடவைதான், "சரி, இவ்வளவு சொல்றீங்களேன்னு..." வெர்லினுக்கு இது தெரியாதா என்ன? தேவாலயத்தில் கேக் தட்டை நீட்டினால் இரண்டு முறை தலையாட்டி மறுத்துவிட்டு, மூன்றாவது முறை நாலு துண்டு எடுப்பவன் அவன். ஆனால் மனைவி விஷயத்தில் மட்டும் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒருமுறை, "வரியா ஆர்டிஸ்?" "நான் எதுக்கு, நீ போ." "சரி." வண்டி கிளம்பிவிடும்.

இந்த வருடம் இருவரும் ஓய்வு பெற்றிருந்தார்கள். டிசம்பர் முதல் சனிக்கிழமை அவன் வழக்கம்போலக் கேட்டான். அவளும் வழக்கம்போல மறுத்தாள். கதவைத் திறந்தவன் திரும்பினான்.

"நெஜமாவே வரலியா?"

ஆர்டிஸ் கையில் ஒரு பின்னல் கண்ணி நழுவியது. முப்பத்தொரு வருடத்தில் முதன்முறையாக இரண்டாவது தடவை கேட்கிறான்! அடுத்தது மூன்றுதான். ஆனால் இரண்டாவதற்குரிய மறுப்பைச் சொல்லியாக வேண்டுமே. நாக்கில் வந்ததைச் சொன்னாள்.

"அந்த இருட்டுல எனக்குப் பின்னல் கண்ணி தெரியாதே."

"இருட்டா?" என்றான் வெர்லின். யோசித்தான். தலையாட்டினான். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

முப்பத்துநாலு வருடம் சாலையில் பனி வாரும் லாரிகளைப் பழுதுபார்த்த மனிதன் அவன். லாரி மரியாதைக்காக எதையும் சொல்வதில்லை. சத்தம் போட்டால் ஏதோ பழுது. கண்டுபிடித்து மாற்ற வேண்டியதுதான். மனைவி, இருட்டு என்றாள். சரி, மாற்றிவிடலாம்.

மறுவாரத்திலிருந்து பெட்டிகள் வர ஆரம்பித்தன.

முதலில் வந்தது வெள்ளை எல்.இ.டி. பட்டை. கறுப்புக் கூடாரத்தின் இருட்டு வேண்டுமென்று, சாப்பாட்டு மேசைமேல் கனத்த போர்வையைப் போட்டு, அடியில் ஒரு உல்லன் நூலுண்டையோடு தவழ்ந்து போனான் வெர்லின். அறுபத்தாறு வயது. சன்னலுக்கு வெளியே நாயோடு நடந்துபோன பக்கத்து வீட்டுக்காரி நின்று பார்த்துவிட்டு, கையசைத்துவிட்டுப் போனாள்.

"ஆர்டிஸ், இந்த நூல் என்ன நெறம்?" போர்வைக்குள்ளிருந்து குரல்.

"செவப்பு."

"இங்க பொணம் மாதிரி நீலமா தெரியுதே."

"அப்ப வெளிய வந்து பாரு. செவப்பா தெரியும்."

அந்தப் பட்டை திரும்பிப் போயிற்று. அடுத்து, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் வட்ட விளக்குகள். கூடாரக் கம்பி கண்ணாடியிழை. அதில் காந்தம் ஒட்டாது என்பதை, விளக்கு, தூண்டில் போடப் பனியில் குடைந்த துளை வழியே ஏரிக்குள் போனபிறகு வெர்லின் தெரிந்துகொண்டான். கீழே அது இரண்டு நாள் எரிந்துகொண்டிருந்ததாம். பிறகு பேட்டரி. குளிரில் எது தாங்கும் என்று சோதிக்க நான்கு பேட்டரிகளை உறைபெட்டியில் மான் இறைச்சிக்குப் பக்கத்தில் அடுக்கினான். ஆர்டிஸ் பட்டாணி எடுக்கப் போனால் உள்ளே கல்யாண வீடு மாதிரி வெளிச்சம்.

சனிக்கிழமைகளில் வெர்லினோடு மீன்பிடிக்கப் போகும் டெல்மர் காபி குடிக்க வந்து, மேசை முழுக்கக் கிடந்த ஒயர்களைப் பார்த்தான்.

"என்னப்பா இது, மீன் பிடிக்கப் போறியா, இல்ல அதுக்கு ஆபரேஷன் பண்ணப் போறியா?"

"நெழல் விழக்கூடாது. ரெண்டு பக்கமும் வேணும்," என்றான் வெர்லின் தலை நிமிராமல்.

"பச்சை போடு. பச்சைக்குத்தான் மீன் வரும்."

"பச்சையில செவப்பு, பழுப்பா தெரியுது."

"மீனுக்கு அதனால என்னய்யா நஷ்டம்?"

ஆர்டிஸ் டெல்மருக்கு மூன்றாவது முறையாகக் காபி வேண்டுமா என்று கேட்டு ஊற்றினாள், ஊற்றும்போது கணவனை நன்றாகப் பார்த்துக்கொண்டே. அவன் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி நடுவில் வேலை முடிந்தது. இளமஞ்சள் வெளிச்சம், நிழலே இல்லை, நூலின் நிறம் நிறமாகவே தெரிந்தது. கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. சனிக்கிழமை காலை வெர்லின் கோட்டை மாட்டிக்கொண்டு அடுப்படியில் வந்து நின்றான்.

"வெளிச்சம் இப்ப நல்லாருக்கு," என்றான்.

"அப்படியா," என்றாள் ஆர்டிஸ்.

அவன் நின்றான். அவளும் நின்றாள். வெளிச்சத்தைச் சரிசெய்தாயிற்று, இனி அவள் வரவேண்டியதுதானே என்று அவன் காத்திருந்தான். இவன் இன்னும் கேட்கவே இல்லையே என்று அவள் காத்திருந்தாள். கடிகாரம் ஒரு நிமிடத்தை முழுசாக விழுங்கியது.

"சரி," என்றான் வெர்லின். வண்டி கிளம்பிவிட்டது.

அன்று மதியம் ஆர்டிஸ் ஒரு கையுறைக்கு இரண்டு கட்டைவிரல் பின்னினாள். அப்போது டெல்மர் வந்தான், அவள் ஹாட்டிஷ் என்ற இறைச்சிப் பதார்த்தம் செய்து கொடுத்திருந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க.

"உன் புருஷனுக்கு என்னமோ ஆயிடுச்சு ஆர்டிஸ். ரெண்டாவது நாற்காலில நான் ஒக்காரப் போனா, ஒடஞ்சிருக்குங்கறான். நல்லாத்தான் இருக்கு. மேல கம்பளி விரிச்சு வச்சிருக்கான். வெளிச்சம் அத்தனையும் அந்தக் காலி நாற்காலி மேல. இவன் மூலையில அரை இருட்டுல தூண்டி புடிக்கிறான். நான் ஒரு வாளிமேல ஒக்காந்துட்டு வரேன்."

ஆர்டிஸ் ஊசிகளைக் கீழே வைத்தாள்.

"அவன் என்னைக் கேக்கல டெல்மர்."

"கேக்கவே இல்லியா?"

"ரெண்டு தடவை கேட்டான்."

டெல்மர் பற்களுக்கிடையே காற்றை இழுத்தான். "ரெண்டுதானா," என்றான் வருத்தமாக. "அது கஷ்டந்தான்."

"நீ அவன்கிட்ட ஒரு வார்த்தை..."

"சேச்சே, அடுத்தவங்க குடும்ப விஷயத்துல நான் தலையிடலாமா?" முக்கால் மணி நேரம் தலையிட்டு முடித்திருந்த டெல்மர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலையுணவின்போது ஆர்டிஸ் பேச்சை எடுத்தாள். "ரெண்டாவது நாற்காலி ஒடஞ்சு போச்சாமே."

வெர்லின் ரொட்டியின் ஒரு பக்கம் வெண்ணெய் தடவி முடித்து, திருப்பி மறுபக்கமும் தடவினான். "ஒடயல."

"டெல்மர் சொன்னானே."

"அவன் எடை தாங்காது." காது சிவந்தது. இன்னும் கொஞ்சம் வெண்ணெய் தடவினான். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "நீ வரியா?"

மூன்றாவது! ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். அந்த வாய்க்கு ஐம்பத்தொன்பது வருடப் பழக்கம். "ஐயோ, நான் எதுக்கு, உனக்குச் சிரமம்," என்றது அது.

தன் காதாலேயே அதைக் கேட்டு அவள் திகைத்துப்போனாள். இது டிசம்பர்க் கணக்கில் மூன்றாவதா, இல்லை இடையில் இரண்டு மாதம் போய்விட்டதால் மறுபடி முதலாவதா? இதற்கு ஊரில் யாரிடமும் தீர்ப்புக் கேட்க முடியாது. அதற்குள் வெர்லின் "சரி" என்று எழுந்து, கோட்டை மாட்டி, கதவுப்பிடியில் கை வைத்துவிட்டான்.

"வெர்லின்."

"என்ன?"

"இன்னொரு தடவை கேளு."

வெர்லின் திரும்பிப் பார்த்தான். முப்பத்தேழு வருடத் திருமண வாழ்வில், இந்த வீட்டில் இப்படிப் பச்சையாக யாரும் எதையும் கேட்டதில்லை. பிள்ளைகள் பிறந்ததுகூடச் சுற்றிவளைத்துப் பேசித்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

"என்னத்த கேக்க?"

"இப்பக் கேட்டியே, அதையே."

"வரியா?"

"சரி," என்றாள் ஆர்டிஸ், "நீ இவ்வளவு வற்புறுத்தறதனால வரேன்."

ஏரியின் நடுவில் கூடாரத்தின் வாசல் ஜிப்பை மூடியதும் வெர்லின் விளக்கைப் போட்டான். அருமையான வெளிச்சம்தான். கம்பளி விரித்த நாற்காலியில் ராணிபோல உட்கார்ந்து அவள் அரை வரிசை பின்னினாள். அவன் தூண்டிலைக்கூடப் போடாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணி தெரியுதா?"

"தெரியுது. நீ அதைக் கொஞ்சம் அணையேன்."

அணைத்தான். கூடாரம் இருண்டது, ஆனால் காலடியில் பனித்துளை மெல்லப் பச்சையாக ஒளிரத் தொடங்கியது. வெளியே காய்ந்த வெயில், பனியைத் துளைத்து இறங்கி, கீழிருந்து வந்தது. பாறை தெரிந்தது, ஆடும் களை தெரிந்தது. ஒரு மீன் எந்த அவசரமுமில்லாமல் குறுக்கே போயிற்று.

ஆர்டிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வெர்லின் தலைக்கு மேல் தொங்கிய பத்து வார உழைப்பை அண்ணாந்து பார்த்தான்.

"அப்ப பின்னல்?"

"பின்னலா? அதை வீட்டுலயே பின்னிக்கலாமே," என்றாள் அவள், துளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.