பக்கத்துத் தடத்தில் நீந்திய அக்கா

கிளிநொச்சியில் நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கான நீச்சல் போட்டி. முந்தி வருபவரின் அணிக்குக் கூடுதல் புள்ளி. பாதித் தூரத்தில் என் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. மெல்லத் தாழ்ந்தேன். மேலே வெயில் நீலமாக அசைந்தது. பயமே இல்லை, தூக்கம் வருவது போலிருந்தது.

யாரோ தோளைப் பிடித்துத் தூக்கினார். பக்கத்துத் தடத்தில் எனக்கு முன்னே போய்க்கொண்டிருந்த முல்லைத்தீவு அணியின் பரீனா அக்கா, திரும்பி வந்திருந்தார்.

"மல்லாந்து கிடங்கோ, நான் பிடிச்சிருக்கிறன்."

என்னைக் கரையில் விட்டுவிட்டுப் போய் நீந்தியதால் அவர் கடைசியாக வந்தார். அவர்களுக்கு அந்தப் புள்ளி போனதால், மற்றவர்கள் எடுத்த புள்ளிகளில் எங்கள் அணி வென்றதாக அறிவித்தார்கள். நடுவரிடம் போனேன்.

"ஐயா, அவா என்னைத் தூக்கத்தான் நிண்டவா. இது நியாயமோ?"

"விதியில அதுக்குப் புள்ளி இல்லை, தங்கச்சி."

எங்கள் அணியினர் கோப்பையைக் கொண்டுபோய் அக்காவின் கையில் கொடுத்தார்கள்.

இப்போதெல்லாம் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்குமுன், ஒருவரைக் காப்பாற்ற நின்றவருக்கு மறுபடி நீந்த வாய்ப்பு உண்டா என்று கேட்கிறேன். இல்லையென்றால் பெயர் கொடுப்பதில்லை.