பாம்பு கடித்தும் பிழைத்தவள்

என் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. ஆனாலும் ஒரு நாவலை என்னைவிட அதிகமாக நேசித்தாள். வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் அவள் கட்டிலில் கிடந்தபோது, வேலை செய்யும் கல்லூரியிலிருந்து வந்ததும் தினம் ஓர் அத்தியாயம் நான்தான் படித்துக் காட்டினேன். நடவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் நாற்பது வயதுக்காரி ஒருத்தியின் கதை. அம்மாவும் நடவுக்குப் போய்த்தான் என்னைப் படிக்கவைத்தாள். நாலாவது நாளே கதையில் வந்தவளைத் தன் தங்கச்சி ஆக்கிக்கொண்டுவிட்டாள். நான் வாசலில் கால் வைத்ததும், "இன்னைக்கு அவ என்ன பண்ணுனா?" என்பாள். மகள் சாப்பிட்டாளா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

கடைசி அத்தியாயத்தில் அவளை வரப்பில் பாம்பு கடித்துவிடும். செத்துப்போவாள். அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பொழச்சுக்குவாள்ல?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள், பிழைத்துக்கொண்டாள், அடுத்த நடவுக்கு வயலில் இறங்கினாள் என்று புத்தகத்தைப் பார்த்தபடியே சொந்தமாக அளந்துவிட்டேன். அம்மா அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

போன வருடம் அந்த நாவல் படமாக வந்தது. கால் சரியாகியிருந்த அம்மா, மன்னார்குடிக்குப் போய்ப் பார்த்தே தீரவேண்டும் என்றாள். வெயில், கூட்டம் என்று தட்டிக்கழித்துப் பார்த்தேன். நடக்கவில்லை. ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது: சினிமாக்காரர்கள் எதையும் மாற்றாமல் விடமாட்டார்கள், முடிவையும் மாற்றியிருப்பார்கள்.

நிறையவே மாற்றியிருந்தார்கள். நாற்பது வயதுக்காரி இருபது வயதுப் பெண்ணாகியிருந்தாள். புத்தகத்தில் இல்லாத ஒருவன் பைக்கில் வந்து அவளைக் காதலித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடவுப் பாட்டில் பெண்கள் முன்னால் நடந்து நடந்து நட்டார்கள். தியேட்டரே திரும்பிப் பார்க்கும்படி அம்மா சிரித்தாள்.

"அடி கூறுகெட்டவளுவளா, பின்னால போயில்ல நடணும்! நட்டதையெல்லாம் மிதிச்சுக்கிட்டுப் போறாளுவ பாரு."

இதையெல்லாம் அவள் மன்னித்துவிட்டாள். சினிமா என்றால் அப்படித்தானாம்.

இத்தனையையும் மாற்றியவர்கள் முடிவை மட்டும் தொடவில்லை. பாம்பு கடித்து, அவள் வரப்பிலேயே செத்தாள்.

பஸ்ஸில் வீடு வரும்வரை அம்மா பொரிந்து தள்ளினாள். "பாவிப்பயலுவ, நல்லா இருந்தவளைக் கொன்னுட்டானுவளே! எழுதுனவரு பாத்தா வயிறு எரிய மாட்டாரா?" முன் சீட்டில் இருந்தவரிடமும் நியாயம் கேட்டாள். அவர் பாவம், நாவலும் படித்ததில்லை, படமும் பார்த்ததில்லை; தலையை மட்டும் ஆட்டினார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொல்லிவிட்டேன். "அவங்க மாத்தலம்மா. நான்தான் மாத்துனேன். புத்தகத்துலயும் அவ செத்துதான் போறா."

திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்பார்களே, அதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பேச்சுவார்த்தை அறுந்த வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவள்.

"இத்தனை நாளா எங்கிட்ட சொல்லாம இருந்துட்டியேடி," என்றாள். "அவ போய்ச் சேந்துட்டா. நான் என்னடான்னா, எங்கேயோ நட்டுக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கிட்டு... ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே. போ, அந்தப் பொஸ்தகத்த எடுத்துக்கிட்டு வா. இருக்கிறத இருக்கிறபடி படி."

படித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. என் குரல்தான் இரண்டு இடத்தில் உடைந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முடிந்ததும் எழுந்து, கொடியில் கிடந்த மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது செய்வதுபோலவே, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.