நாய்க்குட்டியும் சோற்றுப் பருக்கையும்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். விழுப்புரத்தில் இருந்தவரை என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனாள். கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகு சொல்ல ஆளில்லை. என் கணவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். மாமியாரோ கண்டமங்கலத்துப் பக்கம் வயல்வேலை செய்தே வளர்ந்தவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். எங்கள் வீட்டில் கொடுமை என்று ஒன்று நடந்திருந்தால் அதை நடத்திய புண்ணியவதி மருமகளாகிய நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஆபீஸ் வேலையாக வானூர் போனவர் ஒருநாள் துணிப்பையில் ஒரு நாய்க்குட்டியோடு வந்து நின்றார். செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். மூன்று பேரும் ஆளுக்கொரு பெயர் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தோம், எதற்கும் அது திரும்பவில்லை. குட்டி என்றால் மட்டும் உருண்டடித்துக்கொண்டு வந்தது. அதனால் அதுவே பெயராக நின்றுவிட்டது.

என்னிடம் நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மாமியார் அதனிடம் நாளெல்லாம் பேசினார். மழை வருமா, முருங்கை பூத்திருக்கிறதா, எல்லாவற்றையும் அதனிடம்தான் கேட்பார். ராத்திரி அது அவர் பாயின் கால்மாட்டில்தான் படுக்கும். எனக்கும் அதன்மேல் கொள்ளை ஆசை. காட்டிக்கொள்ளத்தான் தெரியாது.

இரண்டு மாதம் போயிருக்கும். குட்டியின் வாலுக்கடியில் காய்ந்த சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அது படுக்கிற சாக்கிலும் நாலைந்து கிடந்தன. தின்ற சோறு செரிக்காமல் அப்படியே வருகிறது என்று நானே முடிவு கட்டினேன். இனிமேல் அதற்குக் கேப்பைக்கூழ் மட்டும்தான் என்று சட்டமும் போட்டேன். மாமியார் தலையாட்டினார்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் பருக்கை.

“அத்தை, குட்டிக்குச் சோறு போட்டீங்களா?”

“இல்லியேம்மா. நீ சொன்னாப்புல கூழுதான் ஊத்திக்கினு இருக்கேன்.”

“கூழு குடிக்கிற நாய்க்குப் பின்னாடி சோறு எங்கேந்து வருது?”

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கும் விளங்கவில்லை. “எனக்குத் தெரியலியேம்மா” என்றார்.

“நான் போடலை. அவரு வீட்டுலயே இல்லை. அப்ப யாரு போட்டது? வயசானவங்க பொய் சொன்னா நல்லாவா இருக்குது? இன்னொரு தரம் இதைப் பாத்தேன்னா, குட்டியை வானூருக்கே கொண்டுபோய் உடச் சொல்லிடுவேன்.”

மறுநாளிலிருந்து மாமியார் ஒரு காரியம் செய்தார். சாப்பிட்டு முடித்ததும் தட்டை என் பக்கம் லேசாகச் சாய்த்துக் காட்டிவிட்டுத்தான் கழுவப் போவார். ஒரு பருக்கைகூட மீதம் இருக்காது. பசி இல்லாத நாளிலும் போட்டதை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் காட்டினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயம் இருந்தால் சரி என்றுகூட நினைத்தேன். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

அப்படியும் பருக்கை நிற்கவில்லை. ஒருநாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். மாமியாரும் கூடவே வந்தார். வண்டிமாடுகளுக்கும் சினைப்பசுக்களுக்கும் நடுவில் நாட்டு நாய்க்குட்டியோடு நின்ற எங்களைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் வாலைத் தூக்கி ஒரு பருக்கையைக் காகிதத்தில் எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். அது மெதுவாக நீண்டது, பிறகு சுருங்கியது.

“இதுவா சோறு? நாடாப்புழும்மா. குடலுக்குள்ள நீட்டமா கெடக்கும். துண்டு துண்டா அறுந்து வெளியில விழும். காஞ்சுபோனா பருக்கை மாதிரிதான் தெரியும்.”

தெள்ளுப்பூச்சி கடிக்கிறதென்று நாய் உடம்பைக் கடித்துக்கொள்ளும்போது பூச்சியையும் விழுங்கிவிடும், அதிலிருந்துதான் இந்தப் புழு வருகிறது என்று விளக்கினார். வெறும் வயிற்றில் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் மருந்து தந்தார். தெள்ளை ஒழிக்காவிட்டால் எத்தனை பொட்டலம் கொடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

மாமியார் பொய் சொல்லவில்லை. வழியிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. “புழுவாம் அத்தை” என்றேன். “ஆமாம்மா, சொன்னாரே” என்றார் அவர். அன்று ராத்திரியும் தட்டைச் சாய்த்துக் காட்டினார்.

மருந்தில் புழு போயிற்று. ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தது. பழி போட எனக்கு இப்போது வேறு இடம் கிடைத்துவிட்டது.

“உங்க பாயிலதான் தெள்ளு இருக்குது அத்தை. நாயைக் கால்மாட்டுல படுக்கப் போட்டுக்கினா எப்படிப் போவும்? ஒரே பேஜாரு. இன்னொரு தரம் வந்துச்சுன்னா வானூருதான், சொல்லிட்டேன்.”

மறுபடி ஒரு பொட்டலம் கொடுத்தோம். அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஒரு பருக்கையும் என் கண்ணில் படவில்லை. அதட்டிச் சொன்னதால்தான் புழு ஒழிந்தது என்று கணவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவர் குட்டியைத் தூக்கிப் பார்த்து, “இன்னா இவ்ளோ லேசா இருக்கு?” என்றார். உண்மைதான். விலா எலும்பு தெரிந்தது. பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தது. கூழை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பருக்கைதான் இல்லையே, வேறென்ன நோவோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

ஒருநாள் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. வெறுங்குடத்தோடு சீக்கிரமே திரும்பினேன். தோட்டத்தில் மாமியார் குந்தியிருந்தார். குட்டி அவர் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. புடவைத் தலைப்பை நனைத்து அதன் வாலுக்கடியில் துடைத்து, பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டாங்கச்சியில் போட்டு, மேலே அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தார்.

“கம்முனு இருடா கண்ணு. அவ பாத்தா உன்னைக் கொண்டுபோய் உட்டுடுவா. அப்புறம் நான் யார்கிட்டப் பேசுவேன்?”

குடத்தை அங்கேயே வைத்துவிட்டேன். ஒரு மாதமாக விடியற்காலையில் எழுந்து இந்த அம்மாள் இதைத்தான் செய்திருக்கிறார். புழுவைவிட என் வாய்க்குப் பயந்திருக்கிறார். உள்ளே நோவு முற்றிக்கொண்டிருக்க, வெளியே எனக்குத் தெரியாமல் துடைத்து வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கொட்டாங்கச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“இல்லம்மா, இன்னிக்கித்தான் ஒண்ணு ரெண்டு...”

அவர் எதிரில் நானும் குந்தினேன். “தப்பு எம்மேலதான் அத்தை. நீங்க பொய் சொல்லலை. நான்தான் அநியாயமாப் பேசிட்டேன். குட்டி எங்கேயும் போவாது” என்றேன். அழுகை வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் குட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார். ஒரு துணி மூட்டையின் கனம்கூட இல்லை.

அன்று திண்டிவனத்து டாக்டர் லீவு. அடுத்த பாசஞ்சரிலேயே விழுப்புரம் கிளம்பினோம். மாமியார் குட்டியை முந்தானைக்குள் பொத்தி வைத்துக்கொண்டார். மயிலம் தாண்டியபோது அது தலையை வெளியே நீட்டியது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பன் துண்டை நீட்ட, அதை வாங்கித் தின்றது. இரண்டு நாளில் அது தானாகத் தின்றது அதுதான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

விழுப்புரத்து டாக்டர் மருந்தோடு தெள்ளுக்கு ஒரு தூளும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சாக்கைக் கொளுத்தினோம். பாயை வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் போட்டோம். தரையிடுக்கெல்லாம் தூளைத் தூவினோம். மத்தியானங்களில் குட்டியை நடுவில் போட்டு ஆளுக்கொரு பக்கம் தெள்ளு எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டோம். உடம்பு தேறிவந்தது. ஆனால் தட்டைக் காட்டுகிற பழக்கம் மாமியாரை விடவில்லை. அவர் சாய்ப்பதற்கு முன்னால் நானே போய்த் தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அடுப்படியில் இருந்தேன். தோட்டத்திலிருந்து ஒரு கூப்பாடு கேட்டது. அந்தக் குரல் அவ்வளவு உயரும் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

“ஏ பொண்ணே! ஜல்தியா வா! உன் புள்ளைக்கு மறுபடியும் பருக்கை வந்துடுச்சு, வந்து பாரு!”

பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். மாமியார் குட்டியைத் தூக்கி, அதன் பின்பக்கத்தை என் முகத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றார். வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நாய்க்குப் புழு வந்ததற்காக அப்படிச் சந்தோஷப்பட்டவள் திண்டிவனத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.