யார் வீட்டு அண்டா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து நாற்பதுக்கு ஒரு போன். தெரியாத நம்பர்.

"நான் இருக்கறனுங்க மேடம்" என்றது ஒரு பெண் குரல்.

யார் இருக்கிறார்கள்? எங்கே இருக்கிறார்கள்? ராங் நம்பர் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது.

"நீங்க பேப்பர்ல எழுதியிருந்தீங்களே, அப்படி ஒரு பொம்பளயே கெடையாதுன்னு. இருக்கறனுங்க."

வாசகர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். சென்ற ஆண்டு நம் மாவட்டத்துக் கவிஞர் ஒருவர் காலமானபோது இந்தப் பக்கத்தில் அஞ்சலி எழுதினேன். டவுன் பஸ் கண்டக்டராக வேலை பார்த்தவர். வாழ்நாளில் வெளியிட்டது ஒரே தொகுப்பு. அதில் நாற்பத்தொரு கவிதைகள். நாற்பதில் ஒரே பெண் வருகிறாள். பஸ்ஸில் ஏறுகிறாள், ஜன்னலோரம் உட்காருகிறாள், ஆற்றங்கரையில் சிரிக்கிறாள்… அவள் யார் என்று பலரும் கேட்டார்கள். அப்படி ஒருத்தி இல்லை, பார்த்த முகங்களையெல்லாம் சேர்த்துக் கவிஞர் கட்டிய கற்பனைதான் அவள் — இப்படி நான் அடித்துச் சொல்லியிருந்தேன்.

ஆதாரம் இல்லாமல் எழுதவில்லை. என்னிடம் டைரி இருக்கிறதே! தர்மபுரி புத்தகக் கண்காட்சியில் அவரையே நேரில் கேட்டிருக்கிறேன். அன்றைய குறிப்பு மூன்றே வரி: 'அப்படி ஒருத்தி இல்லீங்க என்றார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார். வாங்கி வைத்த டீயைக் குடிக்கவில்லை.'

குடிக்காத டீயைக் குறித்து வைத்தவள், அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்திருக்க வேண்டாமா?

வியாழக்கிழமை, போன் செய்த அந்த அம்மாவைச் சந்தித்தேன். பிரஷர் மாத்திரை வாங்க தர்மபுரி வருகிற நாள் அது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. அறுபத்திரண்டு வயது. கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி, கையில் ஒயர் கூடை. பெயரையும் இப்போது இருக்கிற ஊரையும் எழுதக் கூடாது என்றார். வேறு என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஸ்டெல்லான்னு வைங்க. சின்ன வயசுலேர்ந்து அந்தப் பேரு மேல ஒரு ஆச" என்றார்.

ஸ்டெல்லாம்மா கூடையிலிருந்து அந்தத் தொகுப்பை எடுத்தார். மாதா படம் போட்ட காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஜெபப் புத்தகம். பக்கங்கள் மட்டும் ஜெபப் புத்தகத்தைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தன.

பிறகு ஒவ்வொரு கவிதையாகத் திருத்த ஆரம்பித்தார். என்னைப் போலவே சின்ன விவரத்தையும் விடாத ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிட்டதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

முதல் கவிதையில் அவளைப் பார்த்த அன்று மழை. அன்றைக்கு மழையே இல்லையாம். நல்ல வெயில். வெயிலுக்காகக் குடை பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு மழையையும் கவிஞரே சேர்த்துக்கொண்டாராம். ஒன்பதாவதில் மல்லிகைப்பூ. "மல்லி வெச்சா எனக்குத் தலவலிங்க. கனகாம்பரம்தான் வெப்பேன்." பதினேழாவதில் ஒகேனக்கல். பரிசல் சுற்றுகிறது, அவள் சிரிக்கிறாள், சாரலில் நனைகிறாள். அந்தப் பக்கத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டார்.

"இது நடக்கவே இல்ல மேடம்."

நடந்தது இவ்வளவுதான். நல்லம்பள்ளியில் வீடு, தர்மபுரியில் ஒரு கூட்டுறவு சொசைட்டியில் டைப்பிஸ்ட் வேலை. மூன்று வருடம் ஒரே டவுன் பஸ், ஒரே கண்டக்டர். தாமதமாக ஓடி வந்தால் வண்டி நிற்கும். ஏறி உட்கார்ந்த பிறகுதான் இரண்டு விசில் வரும். பேச்சு என்றால் ஸ்டாப் பெயரும் டிக்கெட்டும்தான். ஒருநாள் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு வாக்கியம்… ஞாயிற்றுக்கிழமை லீவு, பத்து மணி ஒகேனக்கல் வண்டிக்கு வர முடியுமா?

வருகிறேன் என்று தலையாட்டியிருக்கிறார்.

அந்த ஞாயிறு பார்த்துத்தான் அவர்கள் கோயிலுக்கு ஆயர், அதாவது பிஷப், வந்தார். பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு. அப்பா பாடகர் குழு, அம்மா பக்கத்தில். வழக்கமாக எட்டரைக்கு முடிகிற பூசை பதினொன்றரை வரை போய்விட்டது. பாதியில் எழுந்து போவதா? கத்தோலிக்கக் குடும்பத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமா?

திங்கட்கிழமை டிக்கெட் கொடுக்கும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "மூணு வண்டி விட்டேங்க."

ஊருக்கெல்லாம் வண்டியை நிறுத்தியவரால் அந்த மூன்றை நிறுத்த முடியவில்லை. அடுத்த வாரம் மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு சித்தேரி வண்டிக்குப் போய்விட்டார்.

"வராதவள வந்த மாதிரியே எழுதிட்டாரு" என்றார் ஸ்டெல்லாம்மா. "நான் கூட சமயத்துல போயிட்டு வந்த மாதிரியே நெனச்சிக்குவேன். பரிசல் எப்படி சுத்தும், கால்ல தண்ணி எப்படிப் படும்னு இதுல படிச்சித்தான் எனக்குத் தெரியும்."

கவிதைக்குள் இருக்கிற பெண்களை நாம் ஏனோ அங்கேயே வைத்துவிடுகிறோம். அவர்களும் வயதாகி, ரேஷன் கடைக்குப் போய், பிரஷர் மாத்திரை விழுங்கி, தங்களைப் பற்றி எழுதியதைத் தாங்களே காசு கொடுத்து வாங்கிப் படிப்பார்கள் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

அப்புறம் வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு விவசாயம், அரூர் தாண்டி ஊர். சித்தேரி பஸ் போகிற வழி.

"அந்த வழின்னு தெரிஞ்சிதான் சரின்னேன் கண்ணு" என்றார். எப்போது மேடம் கண்ணு ஆனேன் என்று தெரியவில்லை. "தப்பா நெனைக்காத. பேசணும்னு இல்ல. எங்கூட்டுக்காரரு தங்கமான மனுசன், அவருக்கு ஒரு கொறயும் நான் வெக்கல. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ விசில் சத்தம் கேக்கும் பாரு. அது போதும்னு இருந்துச்சி."

கல்யாணமாகிப் போன முதல் வாரமே ரோட்டோரம் நின்று பார்த்திருக்கிறார். வண்டி வந்தது. விசிலும் வந்தது. ஊதியது வேறு ஆள். பழைய கண்டக்டர் திரும்பவும் ரூட் மாறிவிட்டார் என்றார்கள். அதன் பிறகு ஒருமுறைகூட அவரைப் பார்க்கவில்லை. அவருக்கும் கல்யாணமாகி இரண்டு பையன்கள் என்று காதில் விழுந்ததோடு சரி.

இதையெல்லாம் சொல்லத்தான் போன் செய்தாரா? இல்லை. அவருக்கு ஒரு சந்தேகம்.

நாற்பத்தொன்றில் நாற்பதுதான் அந்தப் பெண்ணைப் பற்றியவை என்று சொன்னேன் அல்லவா? முப்பத்தெட்டாவது கவிதையில் பெண்ணே இல்லை. ஒருவன் பஸ்ஸில் ஒரு பெரிய பித்தளை அண்டாவைக் காலால் அணைத்துப் பிடித்தபடி மலை வரைக்கும் போகிறான். கல்யாண அண்டா. உருண்டுவிடக் கூடாது என்பது ஒன்றே அவன் கவலை. அவ்வளவுதான் கவிதை. ஆனால், தொகுப்பிலேயே மனசைப் பிடித்து உலுக்குவது அதுதான்.

"நான் அண்டாவோட அவரு பஸ்ல ஏறுனதே கெடையாது. அவரு கல்யாணத்துக்கு வாங்குனதா இருக்கும். இல்ல, வேற யாருக்கோ. இருக்கட்டும், அது அவரு இஷ்டம். ஆனா… அது எனக்கில்லன்னா மத்ததெல்லாம் எனக்குத்தானான்னு வந்துருது. வெயில மழைன்னு எழுதிருக்காரு, கனகாம்பரத்த மல்லின்னு எழுதிருக்காரு. வேற ஒருத்தி மழையில மல்லி வெச்சிக்கிட்டு வந்திருந்தா?"

உங்கள் டைரியில் ஏதாவது இருக்குமா என்று கேட்டார். மூன்று வரியையும் படித்துக் காட்டினேன். குடிக்காத டீ வரைக்கும். வேறு ஒன்றும் இல்லை.

புத்தகத்தை மூடிக் கூடைக்குள் வைத்தார். பிறகு, சரி, யாருக்கு எழுதியிருந்தாலும் செத்தவருக்கு ஒரு பூசை வைக்க வேண்டும், வருசம் திரும்பப் போகிறது என்றார். சிக்கல் என்னவென்றால், பூசைக் கருத்து, அதாவது இன்னாருக்காக என்ற வேண்டுதல், கொடுத்தால் இறந்தவர் பெயரோடு கொடுத்தவர் பெயரையும் பீடத்திலிருந்து வாசித்துவிடுவார்கள். ஊரே உட்கார்ந்திருக்கும். ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவர் கணவர்.

"நான் இல்லன்னு எழுதுனீங்கல்ல? இல்லாதவளுக்கு உங்க பேருல ஒரு ஒத்தாச பண்ணக் கூடாதா?"

சனிக்கிழமை அவர் ஊர்க் கோயிலுக்குப் போய் என் பெயரில் கருத்து கொடுத்தேன். கோயில் கணக்கு எழுதுகிற உபதேசியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். வாசகி என்றேன். எங்கள் கோயிலில் எதற்கு என்றார். இந்த ரூட்டில் கண்டக்டராக இருந்தவர் என்றேன். இரண்டும் உண்மை. இரண்டையும் எழுதிக்கொண்டார்.

ஞாயிறு ஆறே முக்காலுக்கு நானும் கோயிலில் இருந்தேன். சாமியார் கருத்துகளை வாசித்தார். உடல்நலம் வேண்டி ஒன்று, நன்றியாக ஒன்று, மூன்றாவதாக, சித்தேரி வண்டியில் கண்டக்டராக இருந்து மறைந்த நம் கவிஞரின் பெயர். ஆன்ம இளைப்பாற்றிக்காக. கொடுத்தவர் என்று என் பெயர். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஸ்டெல்லாம்மா. திரும்பவில்லை. முக்காட்டை மட்டும் ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். கூந்தலில் கனகாம்பரம்.

பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் நேராக என்னிடம் வந்தார். பின்னாலேயே ஸ்டெல்லாம்மா. முகம் வெளுத்திருந்தது.

"நீங்கதான் கருத்து குடுத்தவிங்களா? அந்தக் கண்டக்டர எனக்குத் தெரியுங்க" என்றார் கணவர். "எங்க கல்யாணச் சாமான் அவரு வண்டியிலதான் வந்துச்சி."

நான் ஸ்டெல்லாம்மாவைப் பார்த்தேன். அவர் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாமனாரும் அவரும் தர்மபுரியில் சீர்ப் பாத்திரங்களை வாங்கி பஸ்ஸில் ஏற்றினார்களாம். கல்யாணப் பெண் எப்படி வெளியே வந்து பார்த்திருப்பாள்? லக்கேஜ் டிக்கெட் போட வந்த கண்டக்டர், பொண்ணு எந்த ஊரு என்று பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். நல்லம்பள்ளி, சொசைட்டியில டைப்பிஸ்ட் என்று மாமனார் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"அப்புறம் அந்தாளு ஒண்ணுமே பேசலீங்க. லக்கேஜும் போடல. மலை வண்டியா, வளைவுல அண்டா உருளப் பாத்துச்சி. கால முட்டுக் குடுத்துக்கிட்டு எங்கூரு வர வரைக்கும் அப்பிடியே நின்னுட்டு வந்தாருங்க. எறக்கும்போதும் அவரே ஒரு கை புடிச்சாரு. பாத்து வெச்சிக்கங்கன்னாரு. அப்புறம் அவர அந்த வண்டியில காணோம்."

ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாம்மா கேட்டார், எங்கோ தூரத்தில் இருக்கிறவரைக் கேட்பது போல: "ஏங்க, அந்த அண்டா இப்ப எங்க?"

"எங்கன்னா? தெனமும் வெந்நி காய வெக்கிறியே, அதான்."

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அதன் அடியில்தான் தினமும் விறகு மூட்டியிருக்கிறார்.

நேற்று போன் வந்தது. எழுதிக்கொள்ளச் சொல்லி அனுமதி கொடுத்தார். உங்கள் வீட்டுக்காரர் படித்துவிட்டால் என்று கேட்டேன். "அவரு பேப்பர்ல தக்காளி வெல மட்டும்தான் பாப்பாரு" என்றார். பின்னால் கரகரவென்று ஏதோ தேய்க்கிற சத்தம். என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை.

ஒரு திருத்தம்: அந்தக் கவிதைகளில் வரும் பெண் கற்பனை என்று சென்ற ஆண்டு இப்பக்கத்தில் எழுதியிருந்தேன். தவறு. இருக்கிறார்… புளி போட்டு அண்டா விளக்கிக்கொண்டிருக்கிறார்.