முப்பது மைல் பொய்

சாய்ந்தமருதில் முஸ்பிறா ராத்தாவின் வீட்டு பிரிட்ஜுக்கு மேல் ஒரு ரேடியோ செட் இருக்கிறது. ஆழ்கடலில் நிற்கும் மீன்பிடிப் படகோடு அதில் கதைக்கலாம். கணவர் ஜவாத் காக்கா படகோட்டி. போனால் மூன்று வாரம். கடலில் போன் வேலை செய்யாது. அதனால் தினமும் மாலை அஸர் தொழுதுவிட்டு, தன் போனுக்கு வரும் செய்மதிப் படத்தைப் பார்த்து எங்கே வலை போடலாம் என்று ராத்தா அவருக்குச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

வானில் சுற்றும் செய்மதிக்கு மீன் தெரியாது. கடல்நீர் எங்கே சூடு, எங்கே பச்சை என்றுதான் தெரியும். பச்சை என்பது கண்ணுக்குத் தெரியாத பாசி. பாசி இருக்கும் இடத்துக்குச் சின்ன மீன் வரும், அதைத் தின்னப் பெரிய சூரை மீன் வரும். முந்திய பயணங்களில் காக்கா தானே தேடிச் சூரை பிடித்ததாகச் சொன்ன ஒன்பது இடங்களை ராத்தா கொப்பியில் எழுதி, அந்தந்த நாள் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்திருந்தார். ஒன்பதும் பச்சையின் நடுவில் இருந்தன.

இந்த முறை காக்கா போனபோது ராத்தாவுக்கு எட்டு மாதம். மூத்தவள் அப்னா பிறந்தபோதும் அவர் கடலில்தான். பிறந்ததும் குழந்தையின் காதில் ஓதும் தொழுகை அழைப்பான பாங்கைச் சொன்னவன் ராத்தாவின் தம்பி ஹாதிக். "இந்தப் புள்ளைக்கு நான்தான் பாங்கு சொல்லுவன்" என்று சொல்லிவிட்டுத்தான் காக்கா படகேறினார். ஆனால் மீன் நிரம்பாமல் படகைத் திருப்ப முடியாது. கூடப் போனவர்களுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

ராத்தா பச்சையின் நடுவைச் சொன்னார். மூன்று நாள் வலை போட்டும் சூரை இல்லை.

"என்ன புள்ள, உன்ட செய்மதிக்குக் கண்ணாடி போடணும் போல."

"நீங்க சொன்ன இடமெல்லாம் பச்சைக்கு நடுவுலதானே இரிக்கி. கொப்பியில எழுதி வெச்சிரிக்கன்."

"நான் ரேடியோவில சொன்ன இடமா?" என்றார் காக்கா.

ரேடியோவில் பேசுவதை எல்லாப் படகும் கேட்கும். அதனால் மீன் கிடைத்த இடத்தை எவரும் சரியாகச் சொல்வதில்லை. காக்கா எப்போதும் முப்பது மைல் மேற்கே தள்ளித்தான் சொல்வார். அந்தப் பழக்கத்தில் மனைவிக்கும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

"எல்லாத்தையும் முப்பது மைல் கிழக்கால தள்ளி வை, முஸ்பிறா."

"எல்லாரும் கேட்டுட்டு இரிக்காங்க."

"கேக்கட்டும். எனக்கு ஊருக்கு வரணும்."

உடனே பாண்டிருப்பு ஊர்ப் படகிலிருந்து பவிதரன் குறுக்கிட்டார். "காக்கா! எங்கள ஏமாத்தினது சரி, பொஞ்சாதியையுமா?"

புள்ளிகளைத் தள்ளி வைத்தபோது ஒன்பதும் பச்சை முடிந்து நீலம் தொடங்கும் விளிம்பில் வந்து நின்றன. பாசியால் கலங்கிய நீரில் இரை சூரையின் கண்ணுக்குப் படாது. அது தெளிந்த பக்கம் நின்றுதான் வேட்டையாடும் என்று ராத்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைய படத்தில் அந்த விளிம்பு எங்கே என்று பார்த்துச் சொன்னார். பவிதரனின் படகும் பக்கத்தில் வந்து வலை போட்டது. ஐந்தாம் நாள் இரண்டு படகும் நிரம்பின.

குழந்தை பத்து நாள் முந்திக்கொண்டது. காலையில் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. மதியம் பார்வையாளர்களை வாட்டுக்குள் விட்டதும் ஹாதிக் தொப்பியோடு வந்து நின்றான்.

"ராத்தா, பாங்கு சொல்லச் சுணங்கக்கூடாது. நான் சொல்லட்டா?"

"படகு ஒலுவில் துறைமுகத்துக்கு வந்துட்டாம். கொஞ்சம் பொறு."

பார்வையாளர் நேரம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது காக்கா வந்தார். கையை மூன்று தரம் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கினார். பாங்கின் முதல் 'அல்லாஹு அக்பர்' பாதியிலேயே அறுந்தது. நின்று, மூச்சு விட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.