அறுபது வெள்ளிச் சாப்பாடு

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புதுக் கடைக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். இது ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள். அப்பா கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர். வெளியில் சாப்பிடுவது காசுக்குப் பிடித்த கேடு என்பவர். எனக்கு வேலை நிரந்தரமாகி, மூன்று மாதம் கெஞ்சிய பிறகுதான் கிளம்பினார்.

ஏசி, மெல்லிய வீணை இசை, வாழையிலை. மெனு கார்டு கிடையாது — மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். ஆகவே அந்தப் பொறுப்பும் எனக்கே. மூன்று வாழையிலைச் சாப்பாடு, ஒரு மட்டன் வறுவல். தட்டினேன், முடிந்தது.

சாப்பாடு...? சாம்பார் ஆறியிருந்தது. அப்பளம் நமத்திருந்தது. மட்டனை மென்றுகொண்டே இருந்தோம்.

ஆனாலும் அப்பா உற்சாகமாக இருந்தார். வாழையிலைக் கடை என்றால் சோறும் காயும் ரசமும் கேட்கக் கேட்க வரும், காசு ஒரே காசுதான் — நம் ஊர் வழக்கம் அதுதானே? பரிமாறுகிறவரை அவர் விடவேயில்லை. "பாஸ், நம்ம தம்பிக்கு இன்னும் காய் வைங்க. படிச்சுப் படிச்சே எளச்சுப் போயிட்டான்."

பில் கட்டப் போனேன். நூற்று அறுபத்தெட்டு வெள்ளி! ரசம் ஐந்து தடவை, காய் நான்கு தடவை, அப்பளம் ஆறு தடவை... எல்லாம் தனித்தனியாக. கவுன்டரில் இருந்த அக்கா பொறுமையாக என் போனிலேயே மெனுவின் அடிப்பகுதியைக் காட்டினார். மறுபடி கேட்டு வாங்கினால் தனிக் கட்டணமாம். எறும்பளவு எழுத்தில் இருந்தது. படித்த பிள்ளை அதை மட்டும் படிக்கவில்லை.

சண்டை போட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் வாக்கியம்கூடத் தயார். ஆனால் கை கழுவிவிட்டு அப்பா வந்துகொண்டிருந்தார். அந்தத் தொகை காதில் விழுந்தால் இந்த ஜென்மத்தில் என்னோடு இன்னொரு கடைக்கு வரமாட்டார். கார்டைத் தட்டினேன். பில்லைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

காரில் ஏறியதும் கேட்டார்: "எவ்வளவுப்பா ஆச்சு?"

"அறுபது வெள்ளிப்பா."

ஃபெடரல் ஹைவே வரும்வரை விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"சாப்பாடு சுமார்தான்," என்றார் கடைசியில். "ஆனா மூணு பேருக்கு, மட்டனோட அறுபது வெள்ளி... இந்தக் காலத்துல யாரு லா குடுக்குறா? அடுத்த வாரம் சித்தப்பா வீட்டையும் கூட்டிக்கிட்டு வருவோம்."

பின் சீட்டில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். கவுன்டரில் நின்ற என் முகத்தை மேசையிலிருந்தே பார்த்தவர் அவர்.

பெற்றவர்களிடம் விலையைக் குறைத்துச் சொல்லாத பிள்ளை உங்களில் யாராவது உண்டா? உண்டென்றால் கொடுத்துவைத்தவர்.

இன்று காலை சித்தப்பா போன் செய்தார். ஏழு பேரும் வருகிறார்களாம். வரும் ஞாயிறு காலையில் ஒருவரும் பசியாறப் போவதில்லையாம்.