கிரீடத்துக்குக் கீழே இருந்த முகம்

சின்னமனூரில் எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்கு எதிர்த்தாற்போல ஒரு பொட்டல் உண்டு. இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷங்களில் நாடகக் கம்பெனிக்காரர்கள் அங்கேதான் கொட்டகை போடுவார்கள். வந்து இறங்கினால் இரண்டு மூன்று மாதம் இருப்பார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். காலையில் வாய்க்காலில் முழுகி, திருநீறு பூசி, முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கொடிக்காலுக்குப் போவேன், பொழுது சாய வீடு திரும்புவேன். நாடகக்காரர்களோடு எனக்குப் பழக்கம் வந்தது அந்த வாய்க்கால் கரையில்தான்.

அந்த வருஷம் வந்த கம்பெனியில் படம் வரைகிறவர் ஒருவர் இருந்தார். மதுரையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். அரண்மனை, காடு, தெரு என்று சீன் திரை எழுதுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் அவருடைய உயிர் கேலிப்படத்தில் இருந்தது. விளக்குக் கரியையும் வேலம்பிசினையும் குழைத்து, நடிகர்களை ஒவ்வொருவராகப் பழுப்பு அட்டையில் வரைந்து கொட்டகை வாசலில் தொங்கவிடுவார்.

வேஷம் கட்டின முகத்தை அவர் வரையவே மாட்டார். விடிந்ததும் வாய்க்கால் கரைக் கல்லில் வந்து உட்கார்ந்துகொள்வார். நடிகர்கள் கண்ணில் பீளையோடு, முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு, வேப்பங்குச்சியை மென்றபடி வருவார்கள். அந்த முகத்தைத்தான் பிடிப்பார். மூக்கு நீளமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுவார். பல் எடுப்பாக இருந்தால் உதட்டுக்கு வெளியே கொண்டுவந்துவிடுவார். அதற்கு மேலே, ராத்திரி மேடையில் வைக்கிற கிரீடத்தை மட்டும் ஒரு மணிகூடக் குறையாமல் ஒழுங்காக எழுதுவார். தூங்கி எழுந்த மூஞ்சியும் ராஜ கிரீடமும் சேர்ந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. சந்தைக்கு வந்த ஜனம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நிற்கும்.

“ஏலே, ராஜா இன்னும் வாயே கொப்புளிக்கல போலருக்குடா.”

“அதை விடு, மகாராணிக்கு மீசை மொளைச்சிருக்கு பாரு.”

“எங்க மச்சானுக்குக் கிரீடம் வச்சாலும் இப்படித்தான் இருப்பாக.”

“ஒங்க மச்சான் வழுக்கைத் தலையில அது எங்க நிக்கும், சறுக்கிட்டுல்ல வந்துரும்.”

இப்படிச் சிரித்த ஜனமே சாயங்காலம் டிக்கெட்டும் வாங்கும். அந்த மூஞ்சி எப்படி ராஜாவாக மாறுகிறது என்று பார்க்கிற ஆசை. கம்பெனி முதலாளிக்கும் சந்தோஷம்.

ஒருவரை மட்டும் அவர் வரையவில்லை. முருகன் வேஷம் கட்டுகிற பையன். இருபது வயது தாண்டியிருக்கும். அவன் வேலோடு மேடைக்கு வந்தால் பெண்கள் எழுந்து கைகூப்புவார்கள். முருகனாக நிற்கிற பிள்ளை ஓட்டலில் சாப்பிடக் கூடாது என்று என் மனைவி அவனுக்கு மத்தியானம் எங்கள் வீட்டிலேயே இலை போட்டாள். அவளை அக்கா என்பான், என்னை மாமா என்பான். எங்கள் சின்ன மகளை மடியில் வைத்துச் சோறு ஊட்டுவான். வாய்க்காலுக்கு அவன் வருவது நான் கொடிக்காலுக்குப் போன பிறகுதான். எங்கள் வீட்டுக்கு வரும்போது நீண்ட முடியை இரண்டு பக்கமும் தழைய வாரி, புருவத்துக்கு மை தீட்டித்தான் வருவான். நடிகன் என்றால் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அவனை வரைய வேண்டாம் என்று சொன்னது நான்தான். “தம்பி, யாரை வேணும்னாலும் வரைங்க. அந்தக் கிரீடம் முருகனோடது. அதைச் சிரிப்புக்கு வைக்காதீக” என்று படக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் சரி என்றார். பையனுக்குத்தான் பொறுக்கவில்லை.

“எல்லாரும் வாசல்ல தொங்குறாக. என் மூஞ்சி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு மாமா?”

தினமும் இதே பேச்சு. கடைசியில் சாமியையே கேட்டுவிடலாம் என்று, வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி முருகன் படத்துக்கு முன்னால் போட்டோம். மகள் எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ. “சாமியே உத்தரவு குடுத்துட்டாருங்க, வரையட்டும்” என்றாள் மனைவி. நானும் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தேன்.

படம் தொங்கின அன்று காலையில் வெற்றிலைக் கட்டுகளைத் தேனி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கொட்டகை வாசலில் வழக்கத்தைவிடச் சிரிப்பு அதிகமாகக் கேட்டது. “முருகன் காதுல வடை தொங்குதுடா” என்றான் ஒருவன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

கிரீடம் அழகாக இருந்தது. அதற்குக் கீழே புருவங்கள் மூக்குப் பக்கம் தொடங்கி, பாதியிலேயே அழித்தாற்போல நின்றுவிட்டன. காது மடல்கள் தடித்து, அத்திப்பழம் போலத் தொங்கின. நெற்றியில் எண்ணெய் தடவினாற்போல ஒரு பளபளப்பு.

அந்த முகத்தை நான் அறிவேன். அது என் சின்னையாவின் முகம். அவருக்குப் பெருவியாதி, குஷ்டம். முதலில் புருவம் கொட்டியது, பிறகு காது தடித்தது, விரல்கள் போனது அதற்குப் பின்னால்தான். கொடிக்கால் கோடியில் ஒரு குடிசையில் அவரை வைத்திருந்தார்கள். கல்லின் மேல் சோற்றை வைத்துவிட்டு நாங்கள் ஓடி வருவோம். ஒருமுறை அவர் சந்தைப் பக்கம் வந்தபோது ஊர்க்காரர்கள் கல்லால் அடித்து விரட்டினதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொட்டகைக்குள்ளே படக்காரர் காட்டுத் திரைக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்தப் படத்தைக் கழட்டுங்க.”

“என்னண்ணே, நீங்கதான சம்மதம் சொன்னீக.”

“புருவத்தை எதுக்கு அப்படி அழிச்சீக?”

“நான் எங்கண்ணே அழிச்சேன்? அவனுக்கே பாதிப் புருவம்தான். வெளிய கெளம்புறப்ப மையால இழுத்துக்கிருவான். உள்ளதைத்தான் போட்டேன், கொஞ்சம் கூட்டி.”

“காது?”

“காதும் அப்படித்தான். போன வருஷம் இப்படி இல்ல. சாப்பாடு ஒடம்புல சேருது போலன்னு நெனச்சேன்.”

சின்னையாவின் கதையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பச்சைச் சட்டிக்குள் வைத்தார். அது முழுகிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை. “நான் சிரிக்கிறதுக்குத்தாண்ணே போட்டேன்” என்றார். அதையே திரும்பவும் சொன்னார்.

அந்த அடையாளம் தெரிந்தவன் ஊரில் இன்னொருவன் இருந்து, அவன் வாசலுக்கு வந்துவிட்டால் போதும். கம்பெனியில் இடம் இருக்காது, சத்திரத்தில் இருக்காது, பஸ்ஸில்கூட ஏற்ற மாட்டார்கள். படக்காரர் ஓடிப்போய் அட்டையைக் கழட்டித் திரைக்குப் பின்னால் சொருகினார். உட்கார்ந்த இடத்திலேயே வேறொரு அட்டையில் எழுதத் தொடங்கினார். புருவத்தை முழுசாகப் போட்டார். காதைச் சின்னதாக்கினார். மத்தியானத்துக்குள் புதுப் படம் வாசலுக்கு வந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. “இது என்னடா, காலண்டர் படம் மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் பையன் வந்தான்.

“அண்ணே, காலையில தொங்குனது எங்க?”

“அது சரியா வரல தம்பி.”

“சரியா வரலையா? ஊரே சிரிச்சிச்சுன்னு சொன்னாக. எனக்கு அதுதான் வேணும்.”

நாங்கள் தடுப்பதற்குள் உள்ளே போய்த் தேடி எடுத்துவிட்டான். வாசலில் இருந்ததையும் கழட்டி, இரண்டையும் மூங்கில் கம்பத்தில் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைத்தான். பழைய படத்தைப் பார்த்துச் சிரித்தான். புதுப் படத்தைப் பார்த்தான். மறுபடியும் பழையதைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

“மூக்கை அப்படியே விட்டிருக்கீக. பல்லையும் விட்டிருக்கீக. புருவத்தையும் காதையும் மட்டும் எதுக்கு மாத்துனீக?”

காப்பாற்றுவதற்கென்று செய்த காரியமே அவனுக்குச் சொல்லிவிட்டது. முடியை ஒதுக்கிக் காது மடலைப் பிடித்துப் பார்த்தான். நகத்தால் அழுத்தினான், இன்னும் அழுத்தினான். பிறகு, யாரிடமும் சொல்லாததுபோல மெதுவாகப் பேசினான்.

“முந்தாநாள் கால்ல கண்ணாடி ஏறுனது எனக்குத் தெரியல. ரத்தத்தைப் பாத்து மத்தவுகதான் சொன்னாக. பாட்டு நெனப்புல இருக்கேன்னு கேலி பண்ணுனாக.”

நான் அவன் தோளைப் பிடிக்கப் போனேன். சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டான். “வேண்டாம் மாமா. ஒங்க வீட்டுல சின்னப்பிள்ளை இருக்கு” என்றான். அந்த நேரத்திலும் என் பிள்ளையை அவன் நினைத்தான். அதைக் கேட்ட அதிர்ச்சி இன்று எழுதும்போதும் அப்படியே இருக்கிறது.

பையனுக்குக் காய்ச்சல் என்று முதலாளியிடம் படக்காரர் சொன்னார். மறுநாள் படக்காரரே துணைக்குப் போய் மதுரையில் டாக்டரிடம் காட்டினார். அதுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அங்கிருந்து பாதிரிமார் நடத்துகிற ஓர் ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்ததாகக் கேள்விப்பட்டேன். ஏதோ எண்ணெய் ஊசி போட்டார்களாம். அப்புறம் அவன் என்ன ஆனான் என்று எனக்குச் செய்தி கிடைக்கவில்லை. படக்காரரும் அந்தக் கம்பெனிக்குத் திரும்பவில்லை.

மனைவியிடம் சொன்னபோது மகளை இழுத்து அணைத்துக்கொண்டு உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு, “அந்தப் பிள்ளைக்கு இனிமே யாருங்க சோறு போடுவாக?” என்றாள். நான் முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். உன் கிரீடத்தைச் சுமந்த தலைக்கு இதையா கொடுத்தாய் என்று கேட்கத்தான் போனேன். திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டேன், கேட்கவில்லை. முருகன் உத்தரவு கொடுத்திராவிட்டால் அந்த வியாதி மைக்கும் முடிக்கும் அடியில் இன்னும் எத்தனை நாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கும் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சண்டை முடிந்த பிறகு ஒருமுறை கம்பம் ஊரில் படக்காரரைப் பார்த்தேன். வேறொரு கம்பெனிக்குச் சீன் எழுதிக்கொண்டிருந்தார். அரண்மனை இருந்தது, காடு இருந்தது, வாசலில் ஒரு கேலிப்படமும் இல்லை. என்னைப் பார்த்ததும் காப்பி வாங்கிக் கொடுத்தார். பழைய பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. கிளம்பும்போது, சும்மா அவர் மனசு லேசாகட்டும் என்று, “தம்பி, என் மூஞ்சியை ஒண்ணு வரைஞ்சு குடுங்களேன். வீட்டுல பாத்துச் சிரிக்கட்டும்” என்றேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். உடனே திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மரம் வேணும்னா போட்டுத் தாரேன்ணே” என்றார். “மொகம் வேண்டாம்.”

ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.